கட்டங்களுக்கு நடுவே கடவுள்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்களில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வைத்துப் பூஜை போடுவார்கள். ஆல்பத்தைப் புரட்டினால் முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா, நடுநடுவே அருவியும் ரோஜாவும். வியாபாரி பார்த்து ஆர்டர் கொடுப்பார். அந்த நேரத்தில் முருகன் சரக்குதான். அதே முருகன் ஜனவரியில் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் ஏறி, யாரோ ஒரு கை அவன் நெற்றியில் சந்தனம் வைத்த பிறகு சரக்காக இருப்பதில்லை. ஆண்டு முடிந்தாலும் அந்தத் தாளைக் குப்பையில் போட மனம் வராமல் கோயில் மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வருபவர்கள் உண்டு.

தாள் அதே தாள், மை அதே மை. படம் எந்த இடத்தில் கடவுளாகிறது?

அச்சகத்தில் இதற்கு விடை கிடைக்காது. ஆஃப்செட்டில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட்டுகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் லட்சுமியின் முகம் புள்ளிகளாகக் கலைந்துவிடும். அவள் கன்னத்தின் மஞ்சள் புள்ளிக்கும் பட்டாசுப் பெட்டியின் மஞ்சள் புள்ளிக்கும் வேறுபாடு கிடையாது. ஆகமத்தைக் கேட்டால் தெளிவான விடை உண்டு: சிலைக்குக் கண் திறக்க வேண்டும், மந்திரத்தால் கடவுளை அதில் ஆவாகனம் செய்ய வேண்டும், குடமுழுக்கு நடக்க வேண்டும். களிமண் பிள்ளையாருக்குக்கூட வரவேற்பும் வழியனுப்பும் உண்டு. காலண்டருக்கு இவை எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் அதன் முன் விளக்கு எரிகிறது.

இந்தப் புதிருக்கு நல்ல விடை அதே ஊரின் இன்னொரு அச்சுப் பொருளில் இருக்கிறது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவன், ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும். ஓவியர் அங்கே ஒரு கையைத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்த எந்தச் சிறுவனும் தனிக்கை ஒன்றைப் பார்க்கவில்லை. தோள், முகம், மூச்சு என்று முழு ஆளையும் அவனே அங்கு நிறுத்திக்கொண்டான்.

சைவ சித்தாந்தம் படித்தவருக்கு இது புதிதாக இருக்காது. இறைவனுக்கு அருவம், உருவம், அருவுருவம் என மூன்று நிலை சொல்லும் அந்தத் தத்துவம், லிங்கத்தை அருவுருவத்தில் வைக்கிறது. முகமில்லை, கையில்லை, ஆனால் வெறும் கல்லுமில்லை. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தொங்குவது பொன் வில்வ மாலை, அதற்குப் பின்னால் வெளி. மாயாவியை ஈசனோடு ஒப்பிடுவதல்ல நோக்கம். இரண்டு இடத்திலும் பார்ப்பவரிடம் ஒரே வேலை கேட்கப்படுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் காமிக்ஸ் பற்றிய ஆய்வையே காமிக்ஸாக வரைந்து வெளியிட்டார். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில்தான் கதை நிகழ்கிறது, அதை நிகழ்த்துவது வாசகர் என்பது அதன் மையக் கருத்து. நீல் கோன் என்ற ஆய்வாளர் ‘பீனட்ஸ்’ படத்தொடரின் கட்டங்களை மாற்றி அடுக்கி, வாசிப்பவர்களின் மூளையில் எழும் மின் அலைகளைப் பதிவு செய்தார். பொருந்தாத சொல் வந்து விழும் வாக்கியத்தைப் படிக்கும்போது எழும் அலை, தொடர்பறுந்த கட்டங்களைப் பார்க்கும்போதும் எழுந்தது. படத்தொடர் முன்னால் இருக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை, இணைத்துக்கொண்டே போகிறது.

அப்படியானால் காலண்டரின் ஆவாகனம் நடக்கும் இடம் பார்ப்பவரின் மனம்தான். குருக்கள் செய்யாததை வீட்டுக்காரர் செய்கிறார். இது குறைப்பட்ட வழிபாடு என்று சொல்பவர்கள் சிவகாசியின் வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று 1908இல் தீர்ப்பு வந்தது. நடுவே, சிவன் கோயில் நுழைவுச் சண்டை முற்றி 1899 ஜூன் 6 அன்று சிவகாசியே தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கால் நூற்றாண்டுக்குள் அதே ஊரின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். கர்ப்பகிரகத்தை எட்டிப் பார்க்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களின் ஊர், இந்தியா முழுவதற்கும் கடவுள் முகங்களை அச்சிடும் ஊரானது. அந்த முகங்களில் பலவற்றை வரைந்தவர் கோவில்பட்டி கொண்டையராஜு. ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை தீட்டியவர். அவருடைய தெய்வங்கள் மேடையில் நிற்பதுபோல நேரே நம்மைப் பார்த்து நிற்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். காலண்டர் கடவுளுக்கு வாசல் கிடையாது, வாசலில் நிற்கும் காவலாளும் கிடையாது. சமய வரலாற்றில் இது சின்ன விஷயமில்லை.

சிக்கலும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. பார்ப்பவர் மனம்தான் படத்தைக் கடவுளாக்குகிறது என்றால், லட்சுமி வெடியின் மேலுறையில் இருப்பவள் யார்? திரியில் நெருப்பு வைத்தால் அவள் படம் கந்தலாகித் தெருவில் கிடக்கும், மறுநாள் துடைப்பம் தள்ளும். தெய்வப் படம் போட்ட பட்டாசு கூடாது என்ற குரல் தீபாவளிதோறும் எழுகிறது. வெடித்தவர் மனத்தில் அவமதிப்பு இல்லை என்பது உண்மை. சுவரில் இருந்தால் கும்பிடவைக்கும் முகம் தெருவில் இருந்தால் சும்மா கிடக்காது என்பதும் உண்மை. படத்துக்கு உயிர் கொடுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டவர், அந்த உயிர் மிதிபடும்போது தாளைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. குரல் எழுப்புபவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இப்போது படமே பேசவும் அசையவும் தொடங்கிவிட்டது. 2014 டிசம்பரில் ‘பிரியாவின் சக்தி’ என்ற காமிக்ஸ் வந்தது. 2012 டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு ராம் தேவினேனி உருவாக்கியது, டான் கோல்ட்மன் வரைந்தது. வன்கொடுமைக்கு ஆளாகி வீட்டாராலும் கைவிடப்பட்ட பிரியா பார்வதியை வேண்டுகிறாள். தேவி துணைக்கு வருகிறாள். பிரியா புலி மேல் ஏறி ஊர் திரும்புகிறாள். பக்கத்தின் மேல் கைப்பேசியைப் பிடித்தால் படம் அசையும். தமிழர்கள் நிறைந்த மும்பை தாராவியிலும் சுவரோவியமாக வரைந்து, அதே முறையில் உயிர்ப்பித்தார்கள்.

நல்ல நோக்கம், துணிச்சலான முயற்சி. வன்கொடுமைக்கு ஆளான உண்மையான பெண்களின் குரல் கைப்பேசித் திரைவழியே வரும்போது தொழில்நுட்பம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஒருவருடைய சாட்சியத்தை வாசகர் கற்பனை செய்துகொள்ளக் கூடாது, கேட்கத்தான் வேண்டும். தேவியின் உருவம் அசைவது அப்படியல்ல. அது கருவி செய்யும் ஆவாகனம். சந்தனம் வைத்த கைக்கு அங்கே வேலையில்லை.

எதைக் கருவியிடம் கொடுப்பது, எதை வாசகரிடம் விடுவது என்ற சோதனையைச் சிவகாசி தன் கதையிலேயே செய்து பார்க்கலாம். அச்சகம் இருக்கிறது, காமிக்ஸ் மரபு அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 1899இல் எரிந்த தெருவிலிருந்து, 1939 ஜூலை 8 அன்று, கோயில் நுழைவுக்காகப் போராடிய வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட வகுப்பாரையும் ஒரு நாடாரையும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனது வரை ஒரு நூலாக வரைய வேண்டும். வழக்கு ஆவணங்களும் பெரியவர்களின் வாய்மொழியும் கைப்பேசியில் ஒலிக்கட்டும். கோயில் வாசல் வரும் பக்கத்தில் மட்டும் கைப்பேசிக்கு எதுவும் வைக்கக் கூடாது. ஒரு கட்டத்தில் வாசலுக்கு வெளியே நிற்பவர்கள், அடுத்ததில் உள்ளே இருப்பவர்கள். படியேறும் காட்சியை ஓவியர் வரையாமல் விட்டுவிடலாம்.