வலி உண்டோ?

கேரளத்தில் எங்கள் பாலராமபுரம் பக்கத்தில் ஒரே சொல் இரண்டு பொருளோடு புழங்குகிறது. தமிழில் வலி என்றால் நோவு. மலையாளத்தில் வலி என்றால் இழுப்பு, பீடி இழுப்பதும் அதுதான். நோவை மலையாளிகள் வேதனை என்பார்கள்.

ஒரு விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அப்பாவை ஆட்டோவில் அள்ளிப்போட்டு கேஷுவாலிட்டிக்குக் கொண்டு போனோம். இளம் டாக்டர் இ.சி.ஜி. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அண்ணா, வலி உண்டோ?"

"உண்டு டாக்டர், இஞ்ச" என்று அப்பா நெஞ்சின் நடுவில் கையை வைத்தார்.

அறுபது வருஷமாக மலையாளம் பேசுகிறவர்தான் அப்பா. ஆனால் மன்னர் பலராமவர்மா காலத்தில் இங்கே நெய்ய வந்த சாலியர் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு தமிழ். உயிர் போகிற நேரத்தில் அந்தத் தமிழ்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. டாக்டர் கேட்டது பீடியைப் பற்றி என்று நான் எடுத்துச் சொன்னேன். "நிறுத்தணம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே தலை உடைந்து ஒருவர் ரத்தத்தோடு கிடந்தார். டாக்டரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாலு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் இருந்த ஒவ்வொரு மாத்திரையையும், காலையா, ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று விளக்கினார்கள். கடைசியில் 'ஸ்டாப் ஸ்மோக்கிங்' என்று எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் யாரும் விளக்கவில்லை.

மாரடைப்பு போன்ற இதயநோய்க்குப் பிறகு புகையை விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒப்பிட்ட இருபது ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் ஒரு கட்டுரை வந்தது. விட்டவர்களிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சீட்டில் இருந்த எந்த மாத்திரைக்கும் இளைத்த மருந்தல்ல அந்தக் கடைசி வரி.

அப்பாவின் பீடியை நான் சிறுவயதிலிருந்து பார்த்தவன். இருட்டு விலகுமுன் தெருவில் பாவு நீட்டிக் கட்டுவார்கள். கஞ்சி தேய்க்க ஆட்கள் வந்து சேர்வதற்குள் அவருக்கு இரண்டு பீடி ஆகிவிடும். பிறகு குழித்தறி. நூல் பக்கத்தில் நெருப்பு ஆகாது. அதனால் ஒரு முழம் நெய்தால் குழியை விட்டு ஏறித் திண்ணைக்கு வருவார். சும்மா உட்கார்ந்தால் நெசவாளிக்குக் குற்றம் செய்ததுபோல இருக்கும். கையில் பீடி இருந்தால் அது குற்றமில்லை. அந்த மனிதரிடம் பீடியை நிறுத்து என்றால், இளைப்பாறுவதை நிறுத்து என்றுதான் கேட்கும். வலிக்கிறாயா என்று கேட்பது பத்தாது, எப்போது, எதற்காக என்று கேட்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்படிக் கேட்டவர் வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்த ஒரு சிஸ்டர். எல்லையோரப் பாறசாலைக்காரர், இரண்டு மொழியும் சரளம். டிரிப்ஸ் மாற்றிக்கொண்டே, "மாமா, எந்திச்சு எத்தன நிமிஷத்துல முதல் பீடி?" என்றார்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "கண்ணு முழிச்ச ஒடனே, மக்ளே" என்றார்.

ரத்தத்தில் நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாக இறங்கும். விடியும்போது ஏறக்குறைய வற்றிப்போயிருக்கும். எழுந்த ஐந்து நிமிஷத்துக்குள் பீடியைத் தேடுகிறவருக்குப் பிடிப்பு மிகக் கடுமை என்று கணக்கு. சிஸ்டர் இதைச் சொன்னபோது அப்பா முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினார். ஐம்பது வருஷமாகத் தன் மனசு சரியில்லை என்றே நினைத்திருந்தார். "மூணு நாளா ஒண்ணுகூட இழுக்கலயே மாமா, கஷ்டமான நாளெல்லாம் இந்தக் கட்டில்லயே போயிட்டு" என்றார் சிஸ்டர். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை.

பிறகு என்னைப் பார்த்தார். நான் சற்றுமுன் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று ஒரு சிகரெட்டை முடித்துவிட்டு வந்திருந்தேன். "அண்ணனும் வலிக்குமோ?" என்றார். ஆமென்றேன். பொது இடத்தில் புகைப்பதற்கு 1999இலேயே தடை போட்டது கேரள உயர் நீதிமன்றம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கேட்டுக்கு வெளியே போனவர்களைத் தேடிப்போய் யாரும் பேசவில்லை. பிரிட்டனில் ஆறு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளையும் கூட வந்தவர்களையும் சேர்த்து 972 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2024இல் வந்தது. ஒரு சாராரிடம் உட்கார்ந்து பேசி, மின்சிகரெட் கொடுத்து, விடுவதற்கு உதவும் மையத்துக்கும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது அவர்களில் 7.2 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். வெறும் தகவல் தாள் பெற்றவர்களில் 4.1 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் சில அப்பாக்கள் இருக்கிறார்கள்.

மின்சிகரெட்டுக்கு இங்கே 2019 முதல் தடை. எங்களுக்கு டாக்டரைக் கேட்டு வாங்கிய நிக்கோட்டின் சூயிங்கம் இருந்தது. அதை மெல்லுவதை சிஸ்டர் தன் வாயை அசைத்துக் காட்டினார். மெல்ல மெல்ல, நாக்கில் சுருக்கென்றதும் கன்னத்தில் அதக்க வேண்டும், எச்சிலைச் சேர்த்து விழுங்கிவிடக் கூடாது. வெற்றிலை போட்ட வாய்க்கு அதைப் பழக நாளானது. 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். புகையிலைப் பொட்டலங்களின் மேல் 2018 முதல் அச்சிடும் எண்தான் அது. அப்பாவின் மடியில் அது தினமும் இருந்திருக்கும். ஒருவர் கையால் எழுதித் தந்த பிறகுதான் அவர் அதைப் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தெருவில் மறுபடி பாவு கட்டினோம். நூலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் பழக்கத்தில் ஒரு பீடியை நீட்டினார். அப்பாவின் கை போய்விட்டது. பீடி விரலில் இருந்தது. பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டு, என்னிடம், "லே, அந்த மிட்டாய எடு" என்றார். நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். திண்ணையில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.