கரும்புள்ளியின் மேல் ஏற்றிய பழி

பைனாகுலரின் ஒரு கண்ணை மூடிவிட்டு, மறு கண் வழியே வரும் வெயிலை ஒரு வெள்ளைத் தாளில் விழவிடுங்கள். (நேரே பார்த்துவிடாதீர்கள், பார்வையே போய்விடும்.) தாளில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சூரியன் தெரியும். அதில் கடுகைவிடச் சிறிதாக ஓரிரு கரும்புள்ளிகள். பெரிய புள்ளி ஒன்றுக்குள் நம் பூமியே அடங்கிவிடும். உள்ளிருந்து மேலேறும் வெப்பத்தை வலிய காந்தப்புலம் தடுப்பதால் அந்த இடம் சூடு குறைந்து கறுத்துத் தெரிகிறது. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை இவை பெருகிக் குறையும். 1645 முதல் 1715 வரை, எழுபது ஆண்டுகள், அநேகமாகத் தலைகாட்டவே இல்லை.

இந்தப் புள்ளியின் தலையில் ஒரு பெரும்பழி ஏறியது நம் மண்ணில்தான்.

1876-இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் அதற்குப் பேர் வைத்தார்கள்; வருஷத்தின் மேல் குற்றம். ஆங்கிலேயர் விஞ்ஞானத்தின் பேரால் இன்னொன்றைப் பிடித்தார்கள். சூரியப் புள்ளிகள் குறையும் காலத்தில் சென்னையில் மழை குறைகிறது, பஞ்சமும் வருகிறது என்று 1877-இல் எழுதினார்கள் இருவர். ஒருவர் இந்தியப் புள்ளிவிவரத் துறைத் தலைவர் ஹன்டர். மற்றவர் ஹீலியத்தைக் கண்டறிந்த நார்மன் லாக்யர். நேர்மையாக நம்பியே எழுதினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதே ஆண்டில் கீழே நடந்ததைப் பாருங்கள். ஜனவரி முதல் தேதி, விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் டில்லியில் தர்பார் நடத்தினார். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வெட்டிச் சுருக்கினார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. நாள் முழுக்க மண் சுமக்கிற உடம்புக்கு அது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படிப்பட்ட நிவாரண வேலையில் வெட்டியதுதான். இந்தியக் கோதுமையோ இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. விலையில் அரசு தலையிடாது என்பது லிட்டனின் கொள்கை. செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. மழை பொய்த்தது இயற்கை. கூலியைக் குறைத்தது சூரியனா?

சூரியனைப் படித்தால் மழையை அறியலாம் என்ற அந்த ஆசையே கொடைக்கானல் வானாய்வகம் உருவாகவும் ஒரு காரணம். 1904-லிருந்து அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். நல்ல விதை, நல்ல விளைச்சல். அதே 1904-இல் இந்திய வானிலைத் துறைப் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், புள்ளிக் கணக்கையும் மழைக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு உறவு இல்லை. அவர் தேடல் கடல்களின் மேல் ஏறி இறங்கும் காற்றழுத்த ஊசலுக்குப் போனது. 1877-இல் நடந்தது அந்த ஊசலோடு சேர்ந்து வரும் பசிபிக் கடல் சூடேற்றமான கடும் எல் நினோ என்பது இன்று தெரிந்த செய்தி. நம்பினார்கள், சோதித்தார்கள், நிற்காததைக் கைவிட்டார்கள். பகுத்தறிவு என்று நான் மதிப்பது இதைத்தான்.

ஆனால் கைவிட்ட பழி திரும்பி வந்திருக்கிறது. இராகு காலம் பார்ப்பவரைத் திருத்தப் புறப்படும் நண்பர்கள்கூட, "பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம், மனுஷன் என்ன செய்வான்?" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளக்கின்றன. புள்ளிகள் பெருகிக் குறையும் சுழற்சியில் அது மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அது கூடவில்லை. பூமியின் சூடு கூடிக்கொண்டே போகிறது. சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்ததில் வந்த கரியமில வாயு கீழே வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. எரித்தவர்களுக்கு முகவரி உண்டு. சூரியனுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது என்பதால்தான் அது எல்லோருக்கும் வசதியான குற்றவாளி.

போன கோடையில் எங்கள் தெருவில் சாலை போட வந்த ஓர் அம்மா ஜல்லிக் கூடையோடு மயங்கி விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளிக்கக் குடத்தைச் சாய்த்தால் காலி. எதிர்வீட்டிலிருந்துதான் வந்தது. "வெயில் அப்படிங்க, நாம என்ன செய்ய முடியும்?" என்றார் மேஸ்திரி. மணி பன்னிரண்டரை. காலையில் ஏழு மணிக்கே வேலையைத் தொடங்கியிருக்கலாம். நிழலுக்கு ஒரு தார்ப்பாய்கூடக் கட்டியிருக்கவில்லை.