நாணயத்தின் அளவுகோல்

'நாணயம்' என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே சுட்டும். கடன் கொடுப்போர் முதலில் தேடுவது பின்னதையே. 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம் கடனாளியின் கடந்தகாலத்தை ஏட்டிற் பதிகின்றது. தவணை தவறியமையை அவ்வேடு கூறும். தவறிய காரணத்தைக் கூறாது.

நெடுந்தீவு மீனவர் ஒருவரை எண்ணுக. வாடைக்காற்றுக் காலத்திற் கடலுக்குச் செல்ல இயலாமையால் அவருடைய தவணைகள் தவறின. பின்னர் தாய் நோயுறுகின்றாள். படகிற் குறிகட்டுவானை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாண வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வங்கி கடன் மறுக்கின்றது. நகையுள்ளவர் அடகு வைப்பர். அற்றவர் அறாவட்டிக்கே செல்வர். குறைந்த வட்டி எவருக்கு மிகவும் தேவையோ, அவரிடமே கூடிய வட்டி அறவிடுவது அறமாகுமா?

கொடுப்போர் பக்கத்திலும் நியாயமுண்டு. அப்பணம் பிறரது சேமிப்பு. ஆயினும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வேறொரு நெறியைக் காட்டின. அயலார் தம்முட் சேமித்தனர், ஒருவருக்கொருவர் பிணைநின்றனர். கேட்பவரின் நிலையை அறிந்தோரே கடன் வழங்கினர்.

அயலாரின் அறிவிற் சாதியும் பகையும் கலத்தல் கூடும். ஏட்டில் அக்குறை குறைவு. ஆதலின் ஏட்டைப் பார்ப்பதோடு, தவணை தவறிய காரணத்தையும் பிணையாளரின் சொல்லையும் கேட்ட பின்னரே அவசரக்கடன் விண்ணப்பம் முடிவுசெய்யப்படுதல் வேண்டும்.