அந்த ஐந்து நிமிடம் உங்களுடையது!

காலை ஆறரைக்கே வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, வரமாட்டேன் என்ற, மறதி நோயுள்ள அம்மாவைக் கெஞ்சி ஆட்டோவில் ஏற்றி, மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து, டாக்டர் தரும் ஐந்து நிமிடத்துக்காக உள்ளே போகிறீர்கள். டாக்டர் நிமிர்ந்து, "எப்படி இருக்காங்க?" என்கிறார். நீங்கள் சொல்வது: "அப்படியேதான் இருக்காங்க, டாக்டர்."

அப்படியேதான் இருக்கிறார்களா? செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்கு வாசல் கதவைத் தட்டி, "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று அழுதது யார்? வளையலைத் திருடிவிட்டாய் என்று பெற்ற மகளையே ஏசியது யார்? அத்தனையையும் விழுங்கிவிட்டுப் பழைய மாத்திரையோடு திரும்பவா இவ்வளவு பாடு!

வாயைத் திறவுங்கள். டாக்டர் நோயைப் படித்தவர். உங்கள் அம்மாவைப் படித்தவர் நீங்கள்.

1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், 51 வயது அகஸ்டே என்ற பெண் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காரணமில்லாத சந்தேகம், மறதி என்று வீட்டில் நடந்ததைச் சொன்னவர் அவருடைய கணவர், ரயில்வே ஊழியர். பின்னாளில் இந்த மறதி நோய்க்கே பெயரான டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், 1906-ல் மருத்துவ உலகின் முன் வைத்தது அந்த அகஸ்டேயின் கதையைத்தான். அகஸ்டேயின் மூளையை ஆராய்ந்த நுண்ணோக்கி பேசியது பிறகு. முதலில் பேசியது வீட்டு ஆள்!

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். "ரொம்பப் படுத்துறாங்க" என்றால் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடாது. என்ன செய்தார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். அல்சைமர் மறதி மெல்ல ஏறுவது. இரண்டே நாளில் ஆள் தலைகீழாக மாறினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடம்பில் உப்பு குறைந்திருக்கலாம். அடுத்த மாதத் தேதிவரை காத்திருக்காதீர்கள், அன்றே கூட்டிப்போங்கள். சளிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகூடக் குழப்பத்தைக் கூட்டும். எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் கொட்டுங்கள், நாட்டு மருந்தும் சேர்த்து.

இன்னொரு வேடிக்கை உண்டு. வீட்டில் உங்கள் பெயரை மறந்த அம்மா, டாக்டரைக் கண்டதும் "சாப்டேன் தம்பி, மூணு இட்லி" என்று மணிமணியாகப் பேசுவார். நீங்கள் பொய் சொல்வதுபோல் ஆகிவிடும். அதற்காக அம்மா முன்னாலேயே குறைகளை அடுக்காதீர்கள். மறதி வந்தாலும் மானம் மறப்பதில்லை. நாலு வரி எழுதிய சீட்டை முன்னதாகவே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.

"வயசானா அப்படித்தான்" என்று யாராவது தள்ளிவிட்டால் எழுந்துவிடாதீர்கள். "தைராய்டு, பி12 பார்த்தாச்சா சார்?" என்று கேளுங்கள். அவை குறைந்தாலும் மறதி வரும், சரிசெய்யவும் வழியுண்டு. சொன்னது புரியவில்லையா? "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பதில் என்ன வெட்கம்! வெளியே நிற்கும் கூட்டத்துக்கு நீங்கள் கடன்படவில்லை.

கடைசியில் ஒரு நல்ல டாக்டர் கேட்பார்: "நீங்க தூங்குறீங்களாம்மா?" அங்கே மட்டும் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சமாளிக்காதீர்கள். எந்த இரவு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதும் அந்த நோட்டில்தானே இருக்கிறது, அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.