விட்டுப்போன ஊசியைப் போடுங்கள்

2020 மார்ச் 25 அன்று கொரோனாவால் நாடே அடைபட்டது. பேருந்து ஓடவில்லை. அங்கன்வாடிகள் பூட்டிக் கிடந்தன. ஆனால் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. ஒன்றரை மாதத்தில், இரண்டரை மாதத்தில், மூன்றரை மாதத்தில் போட வேண்டிய ஊசிக்கான நாளும் வந்துகொண்டுதான் இருந்தது. பல வீடுகளில் அந்த நாள் சத்தமில்லாமல் கடந்துபோயிற்று.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, 2021-ல் மட்டும் உலகில் இரண்டரைக் கோடிக் குழந்தைகள் டிபிடி என்னும் முத்தடுப்பூசியில் ஒரு தவணையையாவது தவறவிட்டனர். அவர்களில் 1.8 கோடிப் பேருக்கு முதல் தவணைகூடக் கிடைக்கவில்லை. இந்தியாவில் அப்படி ஒரு தவணைகூடப் பெறாத குழந்தைகள் 2019-ல் ஏறத்தாழ 14 லட்சம் பேர். 2021-ல் 27 லட்சம் பேர்.

விளைவு தெரிய அதிக காலம் ஆகவில்லை. 2022-ன் கடைசி மாதங்களில் மும்பையில், கோவண்டி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். அதற்கு முன்பே காங்கோ நமக்கு எச்சரிக்கை தந்திருந்தது. 2019-ல் உலகின் கண் அங்கே எபோலா மீது இருந்தபோது, எபோலா கொன்றதைவிட அதிக உயிர்களைத் தட்டம்மை கொண்டுபோனது. 6,000-க்கும் மேற்பட்ட சாவுகள். பெரும்பாலும் சிறு பிள்ளைகள்.

கொரோனா பெரும்பாலான குழந்தைகளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனது. தட்டம்மை அப்படி விடாது. தடுப்பாற்றல் இல்லாத இடத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, கண்பார்வை இழப்பு வரை கொண்டுபோய்விடும். பிழைத்த குழந்தையின் உடலும், முன்பு வென்ற நோய்களை எதிர்க்கும் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்கு இரண்டு தவணையும் போட்டால்தான் ஊர் தப்பும். நம் பிள்ளைக்குப் போட்டாயிற்று என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

பெற்றோர்களே, வீட்டிலுள்ள தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். கட்டம் எதுவும் காலியாக இருந்தால், அடுத்த புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அட்டை தொலைந்துவிட்டதா? அப்போதும் போங்கள். திட்டுவார்களோ என்று தயங்கி நிற்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து எல்லாம் போட வேண்டியதில்லை. விடுபட்ட தட்டம்மை–ரூபெல்லா ஊசியை 5 வயது வரை அரசே இலவசமாகப் போடுகிறது. டிபிடி ஊசிக்கு 7 வயது வரை இடமுண்டு. வயது தாண்டிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மை கண்டால் வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனை வேண்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் காட்டாமல் இருப்பது வழிபாடு ஆகாது. குழந்தை பால் குடிக்க மறுத்தால், மூச்சு வேகமாக இழுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தால், ஒரு நொடியும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். கொள்ளைநோய்க் காலமானாலும் இதுவே விதி. தொற்றுக்கு அஞ்சி ஆபத்தான நிலையிலுள்ள குழந்தையை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

செங்கல் சூளையும் கட்டுமான வேலையும் நடத்துகிற முதலாளிகளே, உங்களிடம் வேலை செய்ய வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எந்தக் கிராமப் பதிவேட்டிலும் இல்லாமல் போகலாம். அவர்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுவது உங்கள் கடமை. ஊசி போடப் போகும் தாயின் அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். ஒரு நாள் கூலிக்குப் பயந்து ஒரு தாய் ஊசியைத் தள்ளிப்போட்டால், அந்தப் பழி நம் எல்லோர்மீதும்தான்.

ஆட்சியில் இருப்பவர்களே, தடுப்பூசி அத்தியாவசியச் சேவை என்று 2020-லேயே வழிகாட்டுதல் வந்தது. தாள் தன் வேலையைச் செய்தது. ஆளில்லாமல் களம் திணறியது. ஊசி போட வேண்டிய செவிலியரையே தொற்றாளர் கணக்கெடுக்கவும் அனுப்பினால் குழந்தைக்கு யார் வருவார்? அடுத்த கொள்ளைநோய் வரும், ஐயம் வேண்டாம். அன்று தடுப்பூசிப் பணிக்கென்று தனிச் செவிலியர்கள், காய்ச்சல்காரர்கள் வராத தனி இடம், கூட்டம் சேராமல் நேரம் பிரித்துக் கொடுக்கும் முறை, வர முடியாதவர்களைத் தேடிச் செல்லும் வண்டி ஆகியவை முதல் நாளிலிருந்தே இயங்க வேண்டும். அதற்கான ஆளையும் பணத்தையும் அமைதியான காலத்திலேயே ஒதுக்குங்கள். அங்கன்வாடி மூடினாலும் முட்டையும் சத்துமாவும் வீடு தேடிப் போகட்டும். பசித்த உடலில் எந்த நோயும் எளிதில் புகும்.

கொரோனாக் காலத்தில் பெரியவர்களைக் காக்கச் சட்டம் போட்டோம், அபராதம் போட்டோம், தெருவையே அடைத்தோம். அதே தீவிரத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டுவதுதான் நீதி. அந்த நாட்களில் பிறந்தவர்கள் இப்போது பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆசிரியர்களே, சேர்க்கையின்போது தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பாருங்கள். அட்டை இல்லையென்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதீர்கள், செவிலியருக்குச் சொல்லி அனுப்புங்கள். பக்கத்து வீட்டாரே, உங்கள் தெருவில் ஊசி போடாத பிள்ளை இருந்தால் அந்தத் தாயோடு துணைக்குப் போங்கள். அடுத்த தொற்று வருமுன் ஒரு பிள்ளையும் விடுபடாமல் பார்த்துக்கொள்வோம்.