நாவில் நிறைவது எது?

கவிதை பாடுவதும் கேட்பதும் மார்க்கத்தில் ஆகுமானதா என்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படுகிறது.

திருக்குர்ஆனின் 26ஆம் அத்தியாயத்துக்கு 'அஷ்ஷுஅரா' என்றே பெயர். கவிஞர்கள் என்பது அதன் பொருள். தாம் செய்யாததைச் சொல்லி, மனம் போன போக்கில் அலையும் கவிஞர்களை அதன் இறுதி வசனங்கள் கண்டிக்கின்றன. ஆனால் ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைப்போருக்கு 227ஆம் வசனம் விலக்களிக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவைக் காக்க அகழ் வெட்டியபோது, பசியிலும் குளிரிலும் வாடிய ஸஹாபாக்களோடு நாயகமும் மண் சுமந்தார்கள். அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் பைத்துகளைக் குரலுயர்த்திப் பாடிக்கொண்டே சுமந்தார்கள். தளர்ந்த கைகளுக்கு அங்கே கவிதை வலுவாயிற்று.

உமையா இப்னு அபிஸ்ஸல்த் இஸ்லாத்தை ஏற்காத கவிஞர். ஆயினும், வாகனத்தில் தம் பின்னே அமர்ந்துவந்த ஷரீத் (ரலி) அவர்களிடம் அவருடைய கவிதையை மேலும் மேலும் சொல்லச் சொல்லி, 100 பைத்துகள் வரை நாயகம் (ஸல்) அவர்கள் செவிமடுத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. நல்ல கருத்து யார் வாயிலிருந்து வந்தாலும் நல்லதே.

அப்படியானால், வயிறு கவிதையால் நிரம்புவதைவிடச் சீழால் நிரம்புவது மேல் என்னும் கருத்தில் வந்துள்ள ஹதீஸுக்கு என்ன பொருள்? அதைப் பதிவு செய்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், தாம் இட்ட தலைப்பிலேயே விளக்கிவிட்டார்கள். திக்ரையும் இல்மையும் குர்ஆனையும் விட்டுத் தடுக்கும் அளவுக்குக் கவிதை ஒருவரை ஆட்கொள்வதே வெறுக்கத்தக்கது.

இந்த அளவுகோலை நம் வீட்டில் வைத்துப் பார்ப்போம். நம் பாட்டிமார் தொட்டிலை ஆட்டும்போதே கலிமாவைத் தாலாட்டாகப் பாடினார்கள். ஓதத் தெரியாத வயதிலேயே ஈமான் நம் செவியில் இறங்கியது. இன்றோ சினிமாப் பாட்டைப் பிழையின்றிப் பாடும் நம் பிள்ளை, அல்ஹம்து சூரா ஓதும்போது தடுமாறுகிறது. குற்றம் பிள்ளையுடையதா? அதன் காதில் நாம் எதைப் போட்டோம்?

நாவு வெறுமையாக இருக்காது. நாம் நல்லதை நிரப்பாவிட்டால் வேறொன்று வந்து நிரம்பும். நம் நாவுகளையும் நம் மக்களின் நாவுகளையும் நல்ல சொல்லால் நிரப்ப வல்ல அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.