மையித்தின் கண்ணும் உயிருள்ளவரின் கண்ணும்

"மவ்த்துக்குப் பின் கண்ணைக் கொடுப்பது கூடுமா?" என்று கேட்டு நமக்குக் கடிதங்கள் வருகின்றன. கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கம் பயானுக்குச் சென்றால், இஷாவுக்குப் பின் ஸஹனில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை. மார்க்கம் அறிந்து நடக்கவேண்டும் என்ற எண்ணத்தில் எழும் கேள்வி இது, வரவேற்கத்தக்கதே. ஆனால், "என் கண்ணில் முள் கீறிவிட்டது, வைத்தியம் பார்க்காமல் ஒரு வாரம் இருந்துவிட்டேன், இதற்காக நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிவருமா?" என்று இதுவரை ஒருவரும் நம்மிடம் கேட்டதில்லை. மையித்தின் கண் விஷயத்தில் இத்தனை பேணுதல். உயிருள்ளவரின் கண் விஷயத்தில் இத்தனை அலட்சியம்! இவ்விரண்டையும் சேர்த்தே இங்கு ஆராய விரும்புகிறோம்.

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் தெளிந்த தோலைத்தான் கருவிழிப்படலம் என்கிறோம். அரபு மருத்துவ நூல்களில் இதற்குப் பெயர் 'கர்னிய்யா'. கொம்பைக் குறிக்கும் 'கர்ன்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கொம்பை மெல்லிய தகடாகச் சீவினால் வெளிச்சம் ஊடுருவும் அல்லவா! 'கார்னியா' என்று ஆங்கில மருத்துவர்கள் சொல்வதும் அதே கொம்பின் பொருளில்தான். அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்திருந்தால் நாம் எதையும் தெளிவாகப் பார்க்க முடியாது. கண்ணீரும் கண்ணின் உள்நீரும் அதற்கு உணவு. பிராணவாயுவைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. படைத்தவனின் இந்த ஏற்பாட்டை எண்ணிப் பார்ப்பதே ஒரு இபாதத்து.

இந்த மெல்லிய படலத்துக்கு நம் கரையோரத்தில் பகைவர்கள் அதிகம். வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுபவருக்கு முள். பனையேறுபவருக்குக் கருக்கு மட்டை. வயலில் இருப்பவருக்கு நெல்லின் தோகை. கடலுக்குப் போகிறவருக்குத் தூண்டிலும், மணலோடு அடிக்கும் காற்றும். வெற்றிலைப் பெட்டியின் சுண்ணாம்பு பிள்ளைகளின் கண்ணில் பட்டுக் கண் போவதும் உண்டு. கீறல் சிறிதாக இருக்கும். அதன் வழியே கிருமி புகுந்தால்தான் ஆபத்து. முள்ளோடும் இலையோடும் வருவது பெரும்பாலும் பூஞ்சை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் கருவிழியில் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூவரில் இருவர் அளவுக்கு ஏற்கனவே கண்ணில் அடி பட்டவர்கள். சோதனையில் கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பூஞ்சை இருந்தது.

அடி பட்ட அன்று என்ன செய்கிறோம்? தாய்ப்பால் விடுகிறோம், பச்சிலை பிழிகிறோம், தூசியை நாக்கால் எடுக்கத் தெரிந்த மூதாட்டியைத் தேடுகிறோம். கைபரில் அலீ (ரலி) அவர்களின் கண்நோவுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் உமிழ்நீரைத் தடவ, அது அக்கணமே குணமாயிற்று என்பது ஸஹீஹான செய்தி. ஆனால் அது நபியின் முஃஜிஸா. நம் வீட்டு மூத்தம்மாவின் நாக்குக்கு அதை ஆதாரமாக்க முடியாது. வலி நிற்காவிட்டால் மருந்துக்கடைக்குப் போய், "சிவப்பு குறைய ஏதாவது கொடுங்க காக்கா" என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி விடுகிறோம். பூஞ்சைப் புண்ணுக்கு அது நெருப்பில் எண்ணெய். சிவப்பு குறைந்தது போலத் தெரியும். உள்ளே புண் ஆழமாகும். மதுரைக்கு பஸ் ஏறும்போது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருக்கும்.

இத்தனைக்கும் தடுப்பு வழி எளியது. மதுரை மாவட்டத்தில் இரண்டு ஊராட்சிப் பகுதிகளில், சுமார் 48,000 மக்களிடையே 18 மாதங்கள் ஒரு பரிசோதனை நடத்தினார்கள்; 2006இல் அதன் முடிவு வெளிவந்தது. கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவர்களை உடனே கண்டறிந்து, சாதாரண கிருமிக்கொல்லிக் களிம்பை மூன்று நாட்கள், நாளைக்கு மூன்று முறை இடச் செய்தார்கள். உரிய காலத்தில் களிம்பு இட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ எல்லோருடைய கீறலும் புண்ணாகாமலே ஆறியது. புண்ணான பிறகும் வழி உண்டு. பூஞ்சைக்கு நேட்டமைசின் சொட்டு மருந்து இன்றும் முதன்மையானது என்பதை, அரவிந்த் மருத்துவர்களும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் அந்த மருந்தை ஆரம்பத்தில் மணிக்கொரு முறை விட வேண்டும். வாரக்கணக்கில் தொடர வேண்டும்.

இங்கேதான் மார்க்கத்தின் பெயரால் ஒரு தவறு நடக்கிறது. ரமளான் வந்துவிட்டால் பகலில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். கண்ணில் சுர்மா இடுவதாலோ மருந்து விடுவதாலோ, அதன் ருசி தொண்டையில் தெரிந்தாலும்கூட, ஷாபிஈ மத்ஹபிலும் ஹனஃபி மத்ஹபிலும் நோன்பு முறியாது. கிதாபுகளில் தெளிவாக உள்ள இந்த மஸ்அலா வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஒளூவிலும் இப்படியே. கண்ணின் உட்பகுதியைக் கழுவுவது கடமையே அல்ல. தண்ணீர் படக்கூடாது என்று நம்பகமான மருத்துவர் தடுத்தால், அந்த இடத்தை விட்டு மற்றதைக் கழுவி, விட்ட இடத்துக்காகத் தயம்மும் செய்துகொள்ளலாம். இரு கண்களையும் இழந்து பொறுமை காத்தவருக்குச் சுவனம் உண்டு என்ற நற்செய்தி உண்மையே. ஆனால் பொறுமை, வைத்தியம் செய்தும் கிடைக்காமல் போனதற்கு உரியது. நோயுற்றால் வைத்தியம் செய்யுங்கள் என்று ஏவியவர்களும் அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே.

இனி கடிதத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பூ விழுந்துவிட்ட கண்ணுக்குப் பெரும்பாலும் மருந்து பயன்படாது. மங்கிய படலத்தை வட்டமாக வெட்டி எடுத்து, இன்னொருவரின் தெளிந்த படலத்தை வைத்துத் தைக்கவேண்டும். 1905 டிசம்பரில், இன்று செக் நாட்டில் உள்ள ஓலோமோட்ஸ் நகரில், எடுவர்ட் சிர்ம் என்ற மருத்துவர் முதன்முதலாக இதில் வெற்றி கண்டார். சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்திருந்த ஒரு தொழிலாளிக்கு, இரும்புத் துண்டு பாய்ந்து அகற்றியே ஆகவேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து எடுத்து வைத்தார். நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. இன்றுவரை மனிதப் படலத்துக்கு முழு மாற்றாக எந்தச் செயற்கைப் பொருளும் வந்துவிடவில்லை. ஆக, ஒருவர் கொடுத்தால்தான் மற்றொருவர் பார்க்க முடியும்.

கூடாது என்போர் முன்வைக்கும் முதல் ஆதாரம், இறந்தவரின் எலும்பை முறிப்பதை உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பிட்டு ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள ஹதீது. வலுவான ஆதாரம்தான். மையித்தைச் சிதைப்பதும் அவமதிப்பதும் ஹராம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த ஹதீதில் அளவுகோல் எது என்று நாம் கவனிக்கவேண்டும். உயிருள்ளவரின் கண்ணியத்தை வைத்தே இறந்தவரின் கண்ணியம் அளக்கப்படுகிறது. உயிருள்ளவரின் கண் அழுகுவதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மையித்தின் கண்ணுக்காக மட்டும் இந்த ஹதீதை எடுத்துப் பேசுகிறவர் அளவுகோலையே தொலைத்துவிட்டு அளக்கப் பார்க்கிறார்.

இரண்டாவது, உயிர் போகும் நிர்ப்பந்தத்தில்தான் தடுக்கப்பட்டது ஆகுமாகும். பார்வையின்றியும் மனிதன் வாழலாமே என்ற வாதம். பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற பெரியவர்கள் உறுப்பு மாற்றத்தையே மறுத்து எழுதியிருக்கிறார்கள். அவர்களின் பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆயினும் நம் ஷாபிஈ கிதாபுகளில் ஒரு மஸ்அலா உண்டு. இமாம் அபூ இஸ்ஹாக் ஷீராஸீ (ரஹ்) அவர்களின் 'முஹத்தப்'பில் காணலாம். ஒருவர் பிறருடைய இரத்தினத்தை விழுங்கிவிட்டு மவ்த்தாகி, உரியவர் அதைக் கேட்டால், மையித்தின் வயிற்றைப் பிளந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். முத்துக் குளித்த கரை நம்முடையது. இந்த மஸ்அலா நமக்கு எளிதில் விளங்கும். அங்கே யாருடைய உயிரும் போகவில்லை. ஒருவருடைய பொருளுக்காகவே மையித்தின் வயிறு திறக்கப்படுகிறது. அப்படியிருக்க, ஒரு மனிதனின் பார்வைக்காக அரை மில்லிமீட்டர் தோலை எடுப்பதை மட்டும் அவமதிப்பு என்று எப்படிச் சொல்வது?

"இரத்தினம் பிறருடைய சொத்து, மையித்தின் கண் பார்வையற்றவரின் சொத்தா?" என்று கேட்பார்கள். சரியான கேள்வி. அல்ல, ஆகவேதான் அவரால் அதை உரிமையாகக் கோர முடியாது, வேறு எவரும் கேட்காமல் எடுக்கவும் முடியாது. இவர் வாழும்போதே மனமொப்பிச் சொல்லியிருக்க வேண்டும்; வாரிசுகளும் இணங்கவேண்டும். காசுக்கு விற்பது அறவே கூடாது. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு ஹஸன் மஃமூன் அவர்கள் 1959இல் இறந்தவரின் கண்ணைப் பார்வையற்றவருக்குப் பயன்படுத்தலாம் என்று ஃபத்வா கொடுத்தார்கள். 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. நோய் காரணமாக அகற்றப்பட்ட கண்ணின் கருவிழிப்படலத்தை இன்னொருவருக்கு வைக்கலாம் என்பதையும் தனியே குறிப்பிட்டது. ஆனால் 1989இல் டில்லியில் கூடிய இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, இறந்த பின் தம் உறுப்புகளைக் கொடுக்கும்படி சொல்வது ஷரீஅத்தின்படி வஸிய்யத் ஆகாது என்றே முடிவு செய்தது. உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ள மஸ்அலா இது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்ளவேண்டும். மேலே சொன்ன நிபந்தனைகளோடு கூடும் என்பதே நமக்குச் சரியாகப் படுகிறது. கொடுக்க மனம் வராதவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

"கண்ணில்லாமல் மஹ்ஷரில் எழும்புவோமா ஹழ்ரத்?" என்று பெண்கள் அஞ்சிக் கேட்கிறார்கள். 1964 புயலில் தனுஷ்கோடியோடு கடலில் போனவர்களில் எத்தனையோ பேரின் ஜனாஸா கரை சேரவில்லை. மீனுக்கு இரையானவர்களை அல்லாஹ் முழுமையாக எழுப்புவான் என்று நம்புகிற நமக்கு இதில் என்ன சந்தேகம்? வாங்கியவர் அந்தக் கண்ணால் ஹராமைப் பார்த்தால் அந்தப் பாவம் அவருடையது.

நம்மை உண்மையிலேயே உறுத்துவது வேறொன்று. கடலுக்கு அப்பால் இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண் தான சங்கத்தைத் தொடங்கினார். தம் தாயார் இறந்தபோது அவருடைய கண்களையே கொடுத்தவர். தனுஷ்கோடி அழிந்த அதே 1964இல் அங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் சென்றன. அதன்பின் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்பினார்கள். மிக அதிகமாகப் பெற்ற நாடு பாகிஸ்தான். கொடுத்தவர்கள் பெரும்பாலும் பௌத்த மக்கள். வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அக்கண்களால் திருக்குர்ஆன் ஓதியிருப்பார்கள். வாங்குவது கூடும் என்று அங்குள்ளவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். நம் ஊர்களிலும் அதே நிலைதான்: மகனுக்குப் பூ விழுந்தால் கண் வங்கியில் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்கிறோம், கிடைத்தால், கொடுத்தவர் எந்த மதத்தவர் என்று கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். வாங்குபவருக்கு நிர்ப்பந்தம் உண்டு, கொடுப்பவருக்கு என்ன நிர்ப்பந்தம் என்று சட்ட நுணுக்கம் பேசலாம். அந்த நுணுக்கத்தின் பயன் முழுவதும் நம் பக்கமும், அதன் பாரம் முழுவதும் பிறர் பக்கமும் விழுவது நீதியாகுமா என்பதையும் நாம் பேசியாக வேண்டும்.

கொடுக்க முடிவு செய்தவர்களுக்குச் சில செய்திகள். வீட்டாரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்தால் பயனில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்தவரும், சர்க்கரை நோயாளியும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் கொடுக்கலாம். மஞ்சள்காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, எய்ட்ஸ் போன்ற நோய்களில் இறந்தவரின் கண்ணை எடுப்பதில்லை. மவ்த்தானதும் கண்ணை மூடிவிடுவது சுன்னத்து; அபூ ஸலமா (ரலி) அவர்களின் கண்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மூடினார்கள். படலம் காயாமல் இருக்க மருத்துவர்கள் கேட்பதும் அதையேதான். மின்விசிறியை நிறுத்தி, இமையின் மேல் ஈரப் பஞ்சை வைத்து, தலையைச் சற்று உயர்த்திவைத்துக் கண் வங்கிக்குச் சொல்லி அனுப்பவேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் அவர்கள் வந்தாக வேண்டும். வந்தால் வீட்டிலேயே இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், முகம் மாறுவதில்லை. குளிப்பாட்டுபவர் இமையைத் திறக்காமலும் அழுத்தித் தேய்க்காமலும் இருந்தால் போதும்; மற்றவையெல்லாம் வழக்கம் போலவே. அஸருக்கு மவ்த்தானவரை அன்றிரவு இஷாவுக்குப் பின் அடக்குவதாக இருந்தாலும் நேரம் போதும்.